கோவில்பட்டியில் நின்ற பாட்டு

பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையில் பனி விலகிவிட்டது. வெயில் இன்னும் சூடேறவில்லை.

அவள் கைப்பேசியை மீண்டும் ஒருமுறை அணைத்து உயிர்ப்பித்தாள்.

பாட்டு வரவில்லை.

மண்டபத்தின் நடுவே மகள் நித்யகலா மனையில் அமர்ந்திருந்தாள். ஏழாம் மாதம். கன்னங்களில் சந்தனம். முன்னால் தாம்பாளம் நிறையக் கண்ணாடி வளையல்கள். வளையல் அடுக்கும்போது தாய் கட்டிய பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது மகளின் ஒரே ஆசை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கும். அதற்குள் அடுக்கி முடித்தாக வேண்டும்.

நேரில் பாடுவது தாயால் ஆகாத காரியம். மகளின் கல்யாணத்தில், நலங்கின்போது, முதல் அடியிலேயே குரல் உடைந்து கூட்டத்தின் முன் உட்கார்ந்துவிட்டவள் அவள்.

ஆகவே இம்முறை விடியலிலேயே எழுந்தாள். கோவில்பட்டி வீட்டில் அறையைத் தாழிட்டுக்கொண்டு, டேப்லெட்டில் பாடிப் பதிந்தாள். அங்கே பதிந்தால் கிளவுடுக்கு ஏறிக் கைப்பேசியில் தானாகவே வந்து நிற்கும். மகள் அப்படித்தான் அமைத்துக் கொடுத்திருந்தாள்.

நேற்றைய ஒத்திகை வந்து நின்றது. அதில் முதல் அடி முழுவதும் குக்கர் விசில். பாதியில் பாட்டும் அறுந்திருந்தது.

இன்றையது இல்லை.

நாத்தனார் வசந்தகுமாரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“என்ன மதினி, பாட்டு மேகத்துலயா கெடக்கு? ஒரு மழை பேஞ்சா எறங்கிரும்.”

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிக்னல் நிறைந்திருந்தது. இரண்டு கருவிகளிலும் ஒரே கணக்கு. கிளவுடில் இடம் தாராளம். ஃபிளைட் மோடைப் போட்டு எடுத்தாள். திரையைக் கீழே இழுத்து விட்டாள். சிறு வட்டம் சுழன்றது, ஓய்ந்தது.

நேற்றையது வந்திருக்கிறது. எனவே வழியில் அடைப்பு ஏதும் இல்லை.

இன்றையது புறப்படவே இல்லை.

குறை இங்கில்லை. வீட்டில்.

கணவர் சிதம்பரநாதன் ஆண்கள் பக்கம் நின்று எவருக்கோ வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அவரருகே சென்றாள்.

“என்னங்க, கெளம்பும்போது என்னென்னத்த அமத்துனீய?”

ஊருக்குக் கிளம்பினால் வீட்டையே உறங்கவைத்துவிட்டு வருவது அவர் வழக்கம். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. விரல் மடக்கினார்.

“கேஸு. மோட்டாரு. டிவி. நீ உள்ள பாடிக்கிட்டு இருக்கும்போதே வைஃபை பெட்டியவும்…”

விரல் பாதியில் நின்றது.

“இடி விழுந்தா கெட்டுப்போவும்லா?” என்றார், மெதுவாக.

“தை மாசத்துலயா இடி?”

அவர் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார்.

மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு ரெஜினாவிடம் இருந்தது. ரெஜினா ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருந்தாள். அழைப்பு ஒலித்து ஓய்ந்தது. அவர் மண்டபத்து மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றபடி, மறுபடி அழைத்தார். மறுபடியும்.

சம்பந்தியம்மா சுவர்க் கடிகாரத்தை நோக்கினார். “ஆரம்பிச்சிருவமா? பாட்டு வரும்போது வரட்டும்.”

நித்யகலா தாயைப் பார்த்தாள். கையை வளையலுக்கு நீட்டினாள்.

சம்பந்தியம்மா ஒரு பச்சை வளையலைத் தேர்ந்தெடுத்தார்.

பாட்டு வந்து சேரும்வரை அந்த அமைதியை நிரப்ப வேண்டும். அவ்வளவே. அவள் அப்படித்தான் எண்ணிக்கொண்டாள்.

“பச்ச வளை ஒண்ணு, பவள வளை ஒண்ணு…”

குரல் உடைந்தது.

வசந்தகுமாரி இப்போது சிரிக்கவில்லை. தொடையில் தாளம் தட்டினாள். “ம். பெறவு?”

“பாத்து நட மகளே, உள்ள ஒரு கண்ணு.”

இன்னொருத்தி தாளத்தில் சேர்ந்தாள். பிறகு இன்னும் சிலர். வளையல்கள் ஒவ்வொன்றாக மணிக்கட்டைத் தாண்டி ஏறின. குரல் நடுங்கியது. ஆனாலும் நடந்தது.

மூலையிலிருந்து சிதம்பரநாதனின் அடக்கிய குரல் கேட்டது.

“ஆமா ரெஜினா, டிவிக்குப் பின்னால… ஐயோ, அது மோட்டாரு! அத அமத்து!”

இரண்டாம் சரணத்தின் நடுவில் அவள் மடியில் கைப்பேசி ஒளிர்ந்தது.

அவர் கையை உயர்த்தி, கூட்டத்துக்கு மேலாக வாயசைத்தார். வந்துட்டா?

வந்திருந்தது. இன்றைய தேதியில். விசில் இல்லாத, பிசிறில்லாத பாட்டு. இரண்டு சரணங்களும் முழுமையாக. ஒரு தொடுதல் போதும்.

மகளின் கண்கள் தாயின் முகத்தை விட்டு அகலவில்லை.

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். கணவரைப் பார்த்து, இல்லை என்பதுபோலத் தலையசைத்தாள்.

அவர் கை தாழ்ந்தது. அவள் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவரும் தாளம் போடத் தொடங்கினார்.

அவள் மூன்றாம் சரணத்துக்குள் நுழைந்தாள்.

அது எந்தக் கருவியிலும் இல்லை. அந்தக் கணம்வரை எங்கும் இருந்ததில்லை.

தாம்பாளத்தில் வளையல்கள் தீர்ந்தன. எவரும் எழுந்திருக்கவில்லை.

பாட்டு முடிந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.