மாடி வீட்டு மாடு

"இந்த மாட்டை இப்பதானே பார்த்தேன்?" என்றார் பச்சையப்பன்.

மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அது பூவம்மா மாடு சார். இது என்னுது," என்றாள் விஜயகுமாரி.

"அதுக்கும் வலது காது கிழிஞ்சிருந்துச்சே?"

"எங்க ஊர் மாடுங்களுக்கே காது அப்படித்தான் சார்."

பச்சையப்பன் கொம்பைத் தொட்டுப் பார்த்தார். நீல பெயின்ட் விரலில் ஒட்டிக்கொண்டது.

மாதனூர் பக்கத்து மகளிர் குழுக்களின் பழைய கடன் கணக்கு நோட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி, குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் அவருடைய ஆபீஸில் அவர் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்திருந்தார்கள். கடன் வாங்கி எதை வாங்கினார்களோ, அதைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். பொருள் இல்லையென்றால் சிவப்பு. இரண்டு சிவப்பு விழுந்தால் குழு முடக்கம். நாளைக்கு வர வேண்டிய புதுக் கடனும் வராது.

ஞாயிற்றுக்கிழமை. பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் ஷூ கம்பெனி பஸ் வராத நாள். குழுவின் பன்னிரண்டு பேரும் பூவம்மாள் வீட்டு வாசலில் இருந்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா."

விஜயகுமாரி முந்தானையைப் பிசைந்தாள். "பொண்ணுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டிட்டேன் சார். ஃபீஸுக்குக் கடன் இல்ல, மாட்டுக்குத்தான்னீங்க. அதான் மாடுன்னு எழுதினோம். நாளைக்கு வர்ற பணத்துலதான் கடைசி வருஷ ஃபீஸ் கட்டணும்."

நாம் செய்வது சரிதானா? பச்சையப்பன் இருபத்தாறு வருஷமாகத் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி. பதில் தெரியாதபோதெல்லாம் அவர் ரூல்ஸைப் பிடித்துக்கொள்வார்.

'பொருள் உள்ளதா?' என்றது டேப்லெட். 'இல்லை'யை அழுத்தினார். சிவப்பு விழுந்தது.

"டீ ஆறுது சார்," என்றாள் பூவம்மாள்.

"வேணாம்மா. குழுவுல பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடித்தார். பாட்டிலில் அவர் மனைவியின் பேர் வெட்டியிருந்தது.

"நான் சாகக் கிடந்தப்ப அட்வான்ஸ் கொடுத்துக் காப்பாத்தின ஆபீஸும்மா அது. இன்னி வரைக்கும் ஒரு ரூபா சம்பளத்துல பிடிக்கல. அந்த ஆபீஸுக்குப் பொய்க் கணக்கு ஏத்தச் சொல்றீங்களா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுத்து ஷஹீன் பானு. கறவை மாடு, ஒண்ணு." நிமிர்ந்தார். "நீங்க மாடி வீட்டுல இல்ல குடியிருக்கீங்க? மாடி வீட்டுல மாடா? படியேறியா போச்சு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷஹீன் பானு சிரிக்கவில்லை.

"மாடு எங்கம்மா?"

"சொல்லிடு ஷஹீன். குழுவே போய்டும்," என்றாள் விஜயகுமாரி.

"சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா."

"யாருக்குச் சத்தியம்? மாட்டுக்கா?" என்றார் பச்சையப்பன்.

ஷஹீன் பானு தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். "அந்த மாட்டுக்கு உடம்பு ரொம்ப பேஜாராயிடுச்சு சார். கொரோனா ரெண்டாவது வாட்டி வந்தப்ப. அதுக்குத்தான் பணம் எடுத்தோம்."

"கால்நடை டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

"வேலூர் ஆஸ்பத்திரில சேர்த்தாங்க சார்."

"மாட்டையா?"

"பதினோரு நாள். ஆக்ஸிஜன்லாம் வெச்சாங்க."

"ஆக்ஸிஜனா? மாட்டுக்கா? கேக்கறவன் இன்னா கேனையனா?"

"அதோட சம்சாரம் இதே வாசல்ல உக்காந்து அழுதாங்க சார்."

"மாட்டுக்குச் சம்சாரம் வேறயா!"

"'குழுப் பணம்னு தெரிஞ்சா வேலையையே விட்டுடுவாரு. ஆபீஸ் அட்வான்ஸுன்னு சொல்லிக்கறேன். நீங்க யாரும் வாயைத் தொறக்கக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கினாங்க. பன்னண்டு பேரும் பங்கு போட்டு அடைச்சுட்டோம் சார்."

பச்சையப்பன் டேப்லெட்டை மடியில் இறக்கி வைத்தார்.

"அந்த… அந்த அம்மா பேரு?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. சத்தியம். ஷஹீன் பானுவின் விரல் மட்டும் மெல்ல நீண்டு, எவர்சில்வர் பாட்டிலில் வெட்டியிருந்த எழுத்துகளின் மேல் நின்றது.

ஹேமலதா.

கிழிந்த காதை ஆட்டியபடி மாடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பச்சையப்பன் ஏடு படிந்திருந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகு டேப்லெட்டில் விஜயகுமாரியின் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். காது கிழிந்த மாட்டை மறுபடி படம் எடுத்து ஏற்றினார். சிவப்பு, பச்சையானது.

அடுத்தது ஷஹீன் பானுவின் பக்கம்.

'மாடு உயிருடன் உள்ளதா?' என்றது டேப்லெட்.

'ஆம்' என்று அழுத்தினார்.

'மாட்டின் படம் கட்டாயம்' என்றது.

டேப்லெட்டை ஷஹீன் பானுவின் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார்.