வெளியே சொல்லாத வரம்

உச்சி வெயிலில் கோயில் பிரகாரம் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. சுற்றி வந்த சனமெல்லாம் கால் பொறுக்காமல் குதித்துக் குதித்து ஓடியது.

ராக்கம்மாள் மட்டும் அடிமேல் அடி வைத்து நிதானமாக வந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

தூண் நிழலில் நின்ற மகள் பாண்டிச்செல்விக்குப் பெருமை தாங்கவில்லை. இருக்காதா பின்னே!

தக்காளிக் கூடையைத் தூக்கப்போய் முதுகெலும்பு நொறுங்கி, படுத்த படுக்கையாகக் கிடந்தவள் அம்மா. எலும்பு உளுத்துப்போய்விட்டது என்று சொல்லி, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகச் சிமெண்டை இறக்கி முட்டுக்கொடுத்தார்கள். இன்றைக்கு இருபதாவது நாள். எழுந்து நடந்தால் ஈரச்சேலையோடு மூன்று சுற்று வருவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். இதோ, வந்துகொண்டிருக்கிறாள்.

"ஆத்தாளே எறங்கிட்டாடி!" பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது சுற்று. அந்த வெயிலில் எல்லாருடைய சேலையும் காய்ந்துவிட்டது. ராக்கம்மாளின் முந்தானைகூட மொடமொடவென்று காற்றில் அடித்தது.

ஆனால் அவள் நடந்து வந்த தடம் ஈரமாக இருந்தது.

பாண்டிச்செல்வி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். "எம்மா, காலு சுடலையா?"

"சத்தம் போடாதடி. முந்தாநேத்துலருந்தே காலு ரெண்டும் எங்க இருக்குன்னே தெரியல. வலி, சூடு எதுவுமில்ல. ஆத்தா குடுத்த வரம். வெளிய சொன்னா போயிரும்னுதான் மூச்சுவிடல."

பாண்டிச்செல்வி திரும்பி அந்த ஈரத் தடத்தைப் பார்த்தாள்.

கால் மரத்தாலோ, ஒன்றுக்குப் போவதே தெரியாமல் போனாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், ஒருநாள் தவறினாலும் நடை திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால் அம்மா பயந்துவிடுவாளே என்று, பாவி, அவளும் மூச்சுவிடவில்லை.

அதற்குள் கருப்பம்மாள் பின்னாலிருந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, ராக்கம்மாளின் இரண்டு பாதங்களையும் இறுகக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ராக்கம்மாள் சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டபடியே கேட்டாள்.

"அழுகுறது கருப்பம்மா சத்தமால்ல இருக்கு. எங்கடி நிக்கிறா அவ?"