பச்சைச் சட்டை கிளப்

“எனக்க பேரு ஜெரின். வயசு இருவத்தஞ்சு. இப்ப நிக்கது துறைமுக கேம்ப், ஆறாம் ரூம்.” பதற்றத்தில், வேலை நேர்காணலில் சொன்னதையே ஜெரின் வீட்டாருக்கு அனுப்பும் செய்தியிலும் சொன்னான். சொல்லச் சொல்ல அது போன் திரையில் எழுத்தானது.

அந்த வெளிநாட்டு நகரத்தில் விசா கால்பந்து கிளப்பின் பேரில்தான். கிளப் முதல் டிவிஷனில் இருக்கும்வரை அதன் விசாவில் வந்தவர்களும் அங்கே இருக்கலாம். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மற்றவர்கள் கிளப் முதலாளியின் பணத்தைப் பார்த்துச் சேர்ந்தார்கள். ஜெரின் சட்டையைப் பார்த்துச் சேர்ந்தான். சொந்த ஊரான தூத்தூரில் அவன் ஆடிய டீமின் அதே பச்சை.

இன்று மாலை கடைசி ஆட்டம். தோற்றால் பச்சை இறங்கிவிடும். காலையில்தான் அதன் முதலாளி, கோல்கீப்பரை எதிரணி முதலாளிக்கே விற்றிருந்தார்.

எதிரணி விசாவில் இருக்கும் அறைத்தோழன் பினு கட்டிலில் கிடந்து சிரித்தான். “லேய் மக்கா, போஸ்ட்ல இனி நீயாலே நிக்கப்போற?” ஜெரினின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

ஜெரினின் மனைவி ஷைனி, ஏழு மாத வயிற்றோடு இன்று ஊரிலிருந்து இங்கே வரப் புறப்படுகிறாள். போன வருஷம் இறங்கிய கிளப்பின் விசாவில் இருந்த பெண்களை, பிரசவ வலியோடு ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பியதை அவன் பார்த்திருக்கிறான்.

போனை வாயருகே கொண்டுபோனான். “இத ஆரு முதல்ல பாத்தாலும் சரி, ஷைனிய பிளைட்டு ஏற விடாதீங்க. அவ அழுவா. அழுதாலும் விடாதீங்க.”