உலகத்தின் ரத்த அழுத்தம்

உலகத்தின் ரத்த அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆண்டுதோறும் மனித குலத்துக்கு அறிவிக்கும் பொறுப்பு பேராசிரியர் ஆராவமுதனிடம் இருந்தது. தன்னுடையதை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. அப்பாவும் அண்ணனும் ரத்தக் கொதிப்பில், பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து உயிரை விட்டவர்கள். கொஞ்ச நாளாக அவருக்கும் பிடரியில் ஒரு துடிப்பு. இந்தச் சமயம் பார்த்து, அந்த அறிவிப்புக்காக அவர் வீடு வீடாக நடத்தும் கணக்கெடுப்பே குலுக்கலில் அவர் வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டது. சுகாதாரப் பணியாளர் சகாயமேரி அவர் கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். அது இறுக இறுக அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எண் வருவதற்குள் பட்டையை உரித்துப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டார்.

“இதுக்கா இப்படி நடுங்குறீங்க? ஊசிகூட இல்லையே,” என்று கதவைத் தட்டினாள் மனைவி வைஜெயந்தி.

“சார், நான் அடுத்த வீட்டுக்குப் போகணும்,” என்றாள் சகாயமேரி.

“நூத்தி இருபதுக்கு எண்பதுன்னு எழுதிக்கோம்மா,” என்றார் உள்ளேயிருந்து.

“எழுதிக்கிறேன் சார். எல்லா வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க.”

ஆராவமுதன் கதவைத் திறக்கவில்லை. பிடரி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் ரத்தக் கொதிப்பு ஒழிந்துவருகிறது என்று உலகத்துக்கு அறிவித்ததற்காகப் போன மாதம்தான் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.