ரங்கூனுக்குக் கட்டிய பெட்டி

பாவாயி பெட்டியைத் திறந்ததுமே, அண்ணன் கண்ணுசாமி உள்ளே கைவிட்டு ஜரிகை வேட்டியை எடுத்து வெளியே போட்டார்.

“ரங்கூன் வீதியில மாப்பிள்ளை இதைக் கட்ட வேண்டாம். கைலி கட்டிக்கச் சொல்லு.”

செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி அவள் கணவர் சின்னண்ணன் வாங்கிய வேட்டி அது. புத்தர் கோயிலின் தங்கக் கோபுரத்தைப் பார்க்கப் போகிற இடத்தில் பட்டிக்காட்டான் மாதிரி தெரியக் கூடாதாம். இப்போது அவர் வாசலில் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். சேலத்தில் ரயில் ஏறி, பட்டணத்தில் கப்பல்.

ஊரைப் பார்த்துவிட்டு, அங்கேயே தங்கிவிட்ட அண்ணன் மனைவி சாரதாமணியையும் கையோடு கூட்டிவருவதாகப் பேச்சு.

ஆடியில் ரங்கூனில் பர்மாக்காரர்கள் இந்தியர்களைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு, அங்கே பிழைக்கப் போயிருந்த அண்ணன் மட்டும்தான் கப்பலேறி வந்தார். அவளுக்குக் காய்ச்சல், தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறாள் என்றார். மேற்கொண்டு கேட்டால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்.

அடுத்து பாவாயியின் இளம்பிள்ளைப் பட்டுச் சேலையும் வெளியே வந்தது. மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார். கொண்டையை பர்மாப் பெண்களைப் போல உச்சியில் தூக்கி முடியச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

பாவாயிக்குச் சிரிப்பு வந்தது. ஊர் பார்க்கப் போகிறவர்கள் வேஷம் கட்டிக்கொண்டா போவார்கள்?

“பொட்டையும் அழிச்சிரோணும் அம்மிணி. தூரத்துலயே நம்மாளுன்னு கண்டுக்குவாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கை தானாக நெற்றிக்குப் போய்க் குங்குமத்தை மறைத்தது.

“ஏனுங்கண்ணா இப்படிப் பேசறீங்க? அவங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நான் எதுக்குங்க பொட்டை அழிக்கோணும்?”

கண்ணுசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த வேட்டியை எடுத்து மடித்தார். மடிப்பு கோணிக்கொண்டது. பிரித்து மறுபடி மடித்தார்.

“உன்ற நங்கை சாரதாவும் இதையேதான் சொன்னா.”

வெளியே மாடுகளின் கழுத்துமணி குலுங்கியது. நேரமாச்சு என்று சின்னண்ணன் குரல் கொடுத்தார்.

பாவாயி வாசலுக்கு வந்தாள்.

“ஏனுங்க, மாட்டை அவுத்து உடுங்க.”

சின்னண்ணன் ஏன் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. கண்ணுசாமி அழுது அதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.