ஒன்றரைக் கட்டை

அடுத்தது அந்தப் பாட்டு.

உள்ளங்கை வியர்த்து மைக் வழுக்கியது. அவள் கை மாற்றிப் பிடித்தாள்.

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம். பேச்சு திரும்பிவிட்டது. மேல் ஸ்தாயி திரும்பவில்லை. குழுவில் யாரிடமும் இதை அவள் சொல்லவில்லை. சொன்னால் வேறு பாடகி வந்துவிடுவாள். பதினாறு வருடமாக அவள்தான் இந்தக் குழுவின் குரல்.

வாயைத் திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த நாட்களில், அந்தப் பழைய ராக் பாட்டை மற்றவர்கள் பாடியதையெல்லாம் தேடிக் கேட்டாள். முன்பு ரசிக்கக் கேட்டவைதான். இப்போது திருடுவதற்காகக் கேட்டாள்.

பாட்டின் அந்த உச்சியில் என்ன செய்து தப்பிக்கிறார்கள்?

ஒருத்தி அதை வயலின் தலையில் கட்டிவிட்டாள்.

ஒரு கிழவர் பாடவே இல்லை. பேசிவிட்டுப் போனார். அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒருவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டான். கெட்டிக்காரன்.

அதையே செய்துவிடலாம் என்றுதான் மேடை ஏறினாள். ஆனால் எதிரே இருந்த கல்லூரிப் பிள்ளைகள் முந்தைய பாட்டுக்கே வாயைத் திறக்கவில்லை.



ஜெபராஜ் கிதாரில் தொடங்கினான்.

முதல் சுரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுருதியை அரைக்கட்டை இறக்கியிருக்கிறான்; உச்சியும் அவ்வளவு இறங்கும். காலை ஒத்திகையில் இப்படி இல்லை.

இவனுக்குத் தெரியும்.



இலியாஸின் கீபோர்டு வந்து சேர்ந்தது. அவன் ஒன்றரைக் கட்டை இறக்கி வைத்திருந்தான்.

இரண்டும் மோதி, பல் கூசும் சத்தம் ஒன்று அரங்கம் முழுக்கப் போனது. முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டது.

வாத்தியங்கள் நின்றன.

இருவரும் ஒருவரையொருவர் திருதிருவென்று பார்த்தார்கள். அவன் செய்தது இவனுக்குத் தெரியாது, இவன் செய்தது அவனுக்குத் தெரியாது. பிறகு இருவருமே அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறைத்து வைத்ததெல்லாம் இவ்வளவுதானா? அவளுக்கு அழுகை வந்தது. ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

இலியாஸ் தன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டான்.

“எந்தக் கட்டைங்க்கா?”

 அவளுக்குப் பயம் இம்மியும் குறையவில்லை.

 கண்ணை மூடி, வாத்தியம் எதுவும் இல்லாமல் முதல் வரியைப் பாடினாள். குரல் தானாகப் போய் உட்கார்ந்த இடத்தில் அதை இருக்கவிட்டாள்.

அவர்கள் இருவரும் இறக்கியதைவிட அது இன்னும் கீழே இருந்தது.

கீபோர்டில் ஒற்றை விரல் அதைத் தேட ஆரம்பித்தது.