அறிக்கையிட ஒன்றுமில்லை

மைக் அவள் கைக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கேட்டது கிடைக்காதவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அதற்குக் காரணமான பாவத்தைச் சபை முன்னால் அறிக்கையிட வேண்டும். பாஸ்டரய்யா வைத்த முறை அது.

அவளுக்கு இது மூன்றாவது வருஷம்.

மகள் எப்சிபா காலடியில் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது.

பெற்றவள் செய்த ஏதோ ஒரு பாவம்தான் பிள்ளையின் கண்ணைக் கட்டிவைத்திருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார் பாஸ்டரய்யா. அது எதுவென்று கண்டுபிடித்து வாய்விட்டுச் சொன்னால் கட்டு அவிழுமாம்.

சொன்னாள். மாமியாரிடம் சொன்ன பொய்கள். வயிற்றுப் பிள்ளையோடு சினிமாவுக்குப் போனது. நாத்தனாரின் பட்டுச்சேலையைப் பார்த்து வயிறெரிந்தது.

ஆறே மாதத்தில் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

பிறகு இட்டுக்கட்டினாள். கல்யாண வீட்டில் கம்மல் திருடியதாக ஒருமுறை சொன்னாள். சுற்றி இருந்த பெண்கள் கைப்பைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள்.

எப்சிபாவின் கண் மட்டும் அப்படியே இருந்தது.

வேதாகமத்தை அவள் ஒழுங்காக வாசித்ததே இல்லை. பாஸ்டரய்யா சொல்கிற வசனத்தைத் தேடிப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டு, மூடி வைத்துவிடுவாள். இந்தக் கோடை லீவில் எப்சிபாதான் நச்சரித்தாள். கோடு போட்டதையே எத்தனை தடவை கேட்பது, வரிசையாக வாசியுங்கள் என்றாள்.

மத்தியான வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வாசித்தார்கள். நாளுக்கு இரண்டு அதிகாரம், சில நாள் நான்கு.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு பிறவிக் குருடன் வந்தான். இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று சீஷர்கள் கேட்டார்கள்.

இயேசு சொன்ன பதிலை அவள் மூன்று தடவை வாசித்தாள். எப்சிபா நாலாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷமும் அந்தப் பதில் தன் தலைமாட்டிலேயே கிடந்திருக்கிறது. ஒருத்தரும் சொல்லவில்லை. தானும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் சோற்றை இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாள். அவ்வளவு பசி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

இப்போது சபை காத்திருந்தது. ஆரம்பியுங்கள் சிஸ்டர் என்றார் பாஸ்டரய்யா.

"கம்மல் திருடுனேன்னு சொன்னேன்லா, அது பொய் பாஸ்டரய்யா. இன்னைக்கு அறிக்கையிட எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

யாரோ இருமினார்கள்.

அவள் வேதாகமத்தைத் திறந்து ஒன்பதாம் அதிகாரத்தை வாசிக்கத் தொடங்கினாள். சீஷர்களின் கேள்வி வரைக்கும் போயிருப்பாள். பாஸ்டரய்யா கண்ணைக் காட்டினார். கீபோர்டு முழங்கியது. மைக் செத்துப்போயிற்று. பாட்டும் கைதட்டலும் கூரைத் தகரத்தை அதிரவைத்தன.

அவள் கத்தித்தான் வாசித்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அந்த இரைச்சலில் வரி தப்பிப்போயிற்று.

எப்சிபா பாயிலிருந்து எழுந்தாள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சபை இருந்த பக்கம் திரும்பினாள். அந்த அதிகாரம் அவளுக்கு மனப்பாடம். இயேசுவின் பதிலை, ஆட்களை மட்டும் மாற்றி, அடிவயிற்றிலிருந்து சொன்னாள்.

"நானும் பாவம் செய்யல. எங்கம்மாவும் பாவம் செய்யல."

முன்வரிசையில் ஒருத்தி கைதட்டுவதை நிறுத்தினாள். கொஞ்சம் பொறுத்து, பக்கத்தில் இருந்தவளும்.

பாஸ்டரய்யா இன்னும் சத்தமாகப் பாடச் சொன்னார்.

எப்சிபா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.